மோட்டார் டீச்சர்

சுற்று எண்ணும்போது பாஞ்சாலி யாரோடும் பேசமாட்டாள். பேசினால் எண்ணிக்கை தப்பும். தப்பினால் செப்புக் கம்பியை முழுக்கப் பிரித்துவிட்டு முதலிலிருந்து வரவேண்டும். அதனால்தான் அன்றைக்கு ஹெட்மாஸ்டர் ரகுபதி கடைக்கு வந்து கேட்டதும், அவள் புருஷன் முனிரத்தினம் கொஞ்சமும் யோசிக்காமல் சரியென்று சொன்னதும் காதில் விழுந்தும், திரைக்குப் பின்னாலிருந்து அவளால் ஒரு வார்த்தை சொல்ல முடியாமல் போயிற்று.

அது 1979 ஜூன் மாதம். சொர்ணவாரி நெல் தூர் கட்டும் பருவம். மழை இல்லை. எல்லோரும் ஒரே நேரத்தில் பம்பு செட்டைப் போட, கரண்டு இளைத்து வர, கிணற்றுக்குக் கிணறு மோட்டார் எரிந்தது. சுங்குவார்சத்திரத்தில் பஸ் நிற்கும் இடத்திலிருந்து நாலு கடை தள்ளி, வாலாஜாபாத் ரோட்டில் இருந்த 'முனிரத்தினம் மோட்டார் ஒர்க்ஸ்' வாசலில் ஒரகடத்திலிருந்துகூட மாட்டு வண்டி வந்து நின்றது. முன்பக்கம் கடை. நடுவில் பழைய புடவை ஒன்று திரை. பின்பக்கம் வீடு.

"சர்க்கார்ல பிளஸ் டூவுக்குத் தொழிற்கல்வின்னு ஒரு பிரிவு ஆரம்பிச்சிருக்காங்க முனிரத்தினம்" என்றார் ரகுபதி. சைக்கிளை விட்டு இறங்காமல் ஒரு காலைப் படியில் ஊன்றியிருந்தார். "நம்ம பள்ளிக்கூடத்துக்கு மோட்டார் சுத்தற பாடம் வந்திருக்கு. புத்தகத்துல இருக்கறதை நடத்த பி.எஸ்சி. படிச்ச பையன் ஒருத்தன் இருக்கான். அவன் மோட்டாரைப் படத்துலதான் பார்த்திருக்கான். தொழில் தெரிஞ்ச ஆள் ஒருத்தர் வேணும். நீ வர்றியா?"

"கூப்ட்டு வெச்சி கௌரவம் குடுக்கிறீங்க. வராம பூடுவனா சார்?"

"எஸ்.எஸ்.எல்.சி. பாஸ்தானே?"

"அதெல்லாம் கீது சார்."

உள்ளே பாஞ்சாலி ஐம்பத்தெட்டில் இருந்தாள். அறுபத்து நாலு முடிந்து, கம்பிச் சுருளான காயிலை நூலால் கட்டிக் கீழே வைத்துவிட்டு அவள் வெளியே வந்தபோது ஹெட்மாஸ்டரின் சைக்கிள் டீக்கடையைத் தாண்டிவிட்டிருந்தது.

"யோவ், இன்னா காரியம் பண்ணிட்ட?"

"வாத்தியாராயிட்டேன்" என்றான் முனிரத்தினம். முகமெல்லாம் பல்.

"கணக்குல கோட்ட வுட்டுட்டு ஓடியாந்த ஆளு, பாஸுன்னு சொல்றியே. எஸ்.எஸ்.எல்.சி. புக்கக் கேட்டா எத்த எட்டாந்து குடுப்ப?"

"கேக்கறப்ப பாத்துக்கலாம்."

"செரி. பசங்க எதிர்ல ஒரு காயிலு சுத்திக் காட்டச் சொன்னா?"

முனிரத்தினம் தன் வலது கையைப் பார்த்துக்கொண்டான்.

அவன் ஆவடிப் பக்கம் ஒரு பட்டறையில் எட்டு வருஷம் வேலை பழகியவன். மோட்டாரின் ஓட்டத்தைக் காதால் கேட்டே என்ன கோளாறு என்று சொல்லிவிடுவான். ஆறு வருஷத்துக்கு முன்னால் ஒரு கிணற்றடியில் பெல்ட்டில் கை மாட்டி, நடுவிரலும் மோதிர விரலும் மடங்காமல் போய்விட்டன. மெல்லிய கம்பியைப் பிடித்து இழுக்க அந்தக் கை உதவவில்லை. அன்றிலிருந்து சுற்றுவது பாஞ்சாலிதான். காயில் சுற்றி, மோட்டாரின் உட்பக்கப் பள்ளத்தில் இறக்கி, துணி நாடா கட்டி, கம்பி வெளியே வராமல் மூங்கில் சிம்பு அடித்து, வார்னிஷ் ஊற்றுவது வரை அவள் வேலை. கழற்றுவது, மாட்டுவது, பேசுவது அவன் வேலை. பொம்பளை சுற்றிய மோட்டார் என்று தெரிந்தால் குடியானவர்கள் ஸ்ரீபெரும்புதூர்க் கடைக்குப் போய்விடுவார்கள் என்று அந்தப் புடவையைத் திரையாகக் கட்டியதும் அவன்தான். பாஞ்சாலியும் அப்போது சரியென்றுதான் சொன்னாள்.

ஒரு வாரம் முனிரத்தினம் வாத்தியாராகவே இருந்தான். வெள்ளைச் சட்டை ஒன்று தைத்துக்கொண்டான். டீக்கடையில் "வா வாத்தியாரே" என்றார்கள். பிறகு பள்ளிக்கூடத்திலிருந்து ஆள் வந்து, எஸ்.எஸ்.எல்.சி. மார்க்குப் புத்தகத்தை எடுத்துக்கொண்டு நாளைக்கு வரச் சொன்னதாகச் சொல்லிவிட்டுப் போனான்.

அன்று மத்தியானம் சோற்றில் கருவாட்டுக் குழம்பை ஊற்றிப் பிசைந்தவன் வாயில் வைக்காமலே உட்கார்ந்திருந்தான்.

"பதினெட்டு பேரு சேந்துட்டாங்களாம் பாஞ்சாலி. ஆளு இல்லன்னா பாடத்த வேற ஊருக்குத் தூக்கிக் குடுத்துடுவாங்களாம். பசங்களோட அப்பன் ஆத்தா மூஞ்சில எப்படி முழிப்பேன்?"

"சாப்புடு மொதல்ல. ஆறிப்போவுது."

"நீ பாஸு பண்ணவதான?"

பாஞ்சாலி அவனை நிமிர்ந்து பார்த்தாள். அவள் வாலாஜாபாத்தில் படித்து எஸ்.எஸ்.எல்.சி. பாஸ் செய்தவள். அந்தப் புத்தகம் டிரங்குப் பெட்டியில் கல்யாணப் புடவைக்கு அடியில் இருந்தது. பதிமூன்று வருஷமாக அதை யாரும் கேட்டதில்லை.

"நான் போனா கடை இன்னாவறது? எல்லாருக்கும் தெரிஞ்சி பூடுமே."

"தெரியட்டும்" என்றான். ஆனால் அதைச் சொல்லும்போது குரல் இறங்கிவிட்டது. அப்புறம்தான் சோற்றை வாயில் வைத்தான்.

மறுநாள் இருவரும் ஹெட்மாஸ்டர் முன்னால் நின்று நடந்ததைச் சொன்னார்கள். ரகுபதி மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். மறுபடி மாட்டிக்கொண்டு பாஞ்சாலியின் விரல்களைப் பார்த்தார். நுனியெல்லாம் வார்னிஷ் ஏறிப் பழுப்பாகியிருந்தது.

"போன மாசம் பள்ளிக்கூடத்து மோட்டாரைச் சுத்தினது?"

"நான்தான் சார்."

"அது இன்னும் ஓடுதே" என்று தனக்குள்ளே சொல்லிக்கொண்டார். பிறகு மேஜையைத் திறந்து ஒரு படிவத்தை எடுத்தார். "பொம்பளைன்னு இதுல எங்கயும் தடை போடலை. ஆனா அஞ்சு வருஷம் தொழில் செஞ்சதுக்குக் கடைக்காரர் தன் கையால எழுதிக் குடுக்கணும். கடையில வேலை குடுத்து வாங்கின வாடிக்கைக்காரர் ஒருத்தர் அதைப் படிச்சுப் பார்த்துச் சாட்சி போடணும். பெரிய மனுஷரா இருந்தா நல்லது."

இரண்டு பேருக்கும் ஒரே ஆள்தான் ஞாபகம் வந்தார். தணிகாசலம். பஞ்சாயத்துப் பதவி போய் வருஷங்கள் ஆகியும் ஊருக்கு அவர் பிரசிடெண்டுதான். மூன்று கிணறு, மூன்று மோட்டார். இப்போதும் ஒன்று கடையில் பிரித்துக் கிடந்தது.

அந்தக் காகிதத்தை எழுத முனிரத்தினத்துக்கு ஒரு சாயங்காலம் முழுக்க ஆயிற்று. 'எனது கடையில்' என்று எழுதுவான், நிறுத்துவான், வாசலுக்குப் போய் ரோட்டைப் பார்ப்பான், திரும்பி வந்து உட்காருவான். பாஞ்சாலி பிள்ளைகளுக்குத் தோசை வார்த்துக்கொண்டிருந்தாள். கடைசியில் ஒரே மூச்சில் எழுதிவிட்டு உரக்கப் படித்தான்: "எனது கடையில் கடந்த ஆறு வருடங்களாக மோட்டார் சுற்றும் வேலை முழுவதையும் என் மனைவி பாஞ்சாலியே செய்து வருகிறார் என்று இதன்மூலம் தெரிவித்துக்கொள்கிறேன்."

"செய்து வருகிறாள்னு போட வேண்டியதுதான?" என்றாள்.

"வருகிறார்தான். ஆபீஸ் கடுதாசி."

தணிகாசலம் அதை இரண்டு தடவை படித்தார். களத்தில் கயிற்றுக் கட்டிலில் உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் அவர் மகள் சரோஜா கேழ்வரகு புடைத்துக்கொண்டிருந்தாள்.

"அப்ப எம் மோட்டாரு?"

"அதான்ணே."

"மூணுமா?"

"மூணும்தாண்ணே."

"ஆறு வருசமா உன் கைக்கு மோதிரம் போடணும், மோதிரம் போடணும்னு ஊரெல்லாம் சொல்லிக்கினு திரிஞ்சனே, கேட்டுக்கினு இருந்தியே! எங்கிட்ட மட்டுமாவது சொல்லியிருக்கலாம்ல? நான் இன்னா ஊரான் வூட்டு ஆளா?"

முனிரத்தினம் தலையைக் குனிந்தான். பாஞ்சாலிதான் சொன்னாள். "சொன்னா மோட்டார எட்டாந்து போட்டிருப்பீங்களாண்ணே?"

தணிகாசலம் "மாட்டேன்" என்றார். பொய் பேசத் தெரியாத மனுஷர். கையெழுத்தைப் போட்டுக் காகிதத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, "நெசத்துக்குக் கையெழுத்துப் போட்டுட்டேன். எம் மோட்டார நாளைக்கு வண்டி அனுப்பி எடுத்துக்கறேன்" என்றார்.

சொன்னபடியே வண்டி வந்தது. அதைப் பார்த்து இன்னும் நாலு பேர் தங்கள் மோட்டாரை எடுத்துக்கொண்டு ஸ்ரீபெரும்புதூருக்குப் போனார்கள். கடை வெறிச்சென்று ஆயிற்று. முனிரத்தினம் வாசலில் கொஞ்ச நேரம் நின்றான். பிறகு உள்ளே வந்து ஸ்டூலில் ஏறித் திரைப் புடவையை அவிழ்த்து உதறினான். ஆறு வருஷத் தூசி பறந்தது.

"இதுக்கு மேல இது எதுக்கு? நீயாவது வெளிச்சத்துல உக்காரு."

பள்ளிக்கூடத்தில் பாஞ்சாலியை எடுத்துக்கொண்டார்கள். திங்கட்கிழமை முதல் பயிற்சி. காஞ்சிபுரத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் ஐந்து நாள். பாஞ்சாலி புளிச்சோற்றைத் தூக்குச் சட்டியில் எடுத்துக்கொண்டு காலை ஏழரை பஸ்ஸைப் பிடித்தாள். அங்கே அவளைப்போல நாற்பது புது வாத்தியார்கள் இருந்தார்கள். தையல்காரர், ரொட்டிக் கிடங்கு மேஸ்திரி, தோட்டக்காரர், தட்டச்சு சொல்லித்தருபவர். வேலையில் புலிகள், சாக்பீஸைக் கையில் கொடுத்தால் மட்டும் நடுங்கினார்கள். பாஞ்சாலிக்குப் பக்கத்தில் செல்லம்மாள் உட்கார்ந்தாள். முப்பது வருஷம் நர்சாக இருந்து ரிட்டயர் ஆனவள். குழந்தையைக் குளிப்பாட்டும் பாடத்துக்காகத் துணி மூட்டை ஒன்றுக்கு மூக்கு, கண் எல்லாம் வரைந்து எடுத்து வந்திருந்தாள்.

மெட்ராசிலிருந்து வந்த சுப்பராயன் பயிற்சி நடத்தினார். பாடக் குறிப்பு எழுதச் சொல்லிக்கொடுத்தார். பாடத்தின் நோக்கம் என்ன, கேட்க வேண்டிய கேள்வி என்ன, முடிவில் பிள்ளைகளுக்கு என்ன தெரிந்திருக்க வேண்டும் என்று பத்தி பிரித்து எழுத வேண்டும். பாஞ்சாலி இரண்டு நாள் எழுதினாள். மூன்றாம் நாள் அவள் முறை வந்தது. மேஜைமேல் காயில் சுற்றும் கை மிஷினை வைத்து, கம்பியை மாட்டி, சுற்ற ஆரம்பித்தாள். சுற்றினாள். சுற்றிக்கொண்டே இருந்தாள். அறையில் மிஷின் சத்தம் மட்டும் கேட்டது.

"அம்மா" என்றார் சுப்பராயன். "அஞ்சு நிமிஷம் ஆச்சு. நீங்க இன்னும் ஒரு வார்த்தை பேசலையே."

"எண்ணிக்கினு இருந்தேன் சார்."

அறை சிரித்தது. செல்லம்மாள் எழுந்து, "சிரிங்க, சிரிங்க. நாளைக்கு உங்க முறை வரும்ல, அப்ப நான் சிரிக்கறேன்" என்றாள்.

சுப்பராயன் சிரிக்கவில்லை. "கம்பியை விரல் நடுவுல விட்டு இழுத்துப் பிடிக்கிறீங்களே, ஏன்?"

"அப்படித்தான் சார் புடிக்கணும்."

"சரி, ஏன்?"

பாஞ்சாலி யோசித்தாள். ஆறு வருஷத்தில் அவளை யாரும் 'ஏன்' என்று கேட்டதில்லை. அவளும் கேட்டுக்கொண்டதில்லை.

"உங்க கைக்குத் தெரிஞ்சது வாய்க்கு வரணும்மா. பசங்க உங்க கையைக் கடன் வாங்கிக்க முடியாது. வெள்ளிக்கிழமை இன்னொரு வாட்டி செய்யுங்க."

சாயங்காலம் திரும்பும்போது ராஜகுளம் தாண்டும் வரைக்கும் பஸ்ஸில் அவள் வெற்று விரலைத் தேய்த்துப் பார்த்துக்கொண்டே வந்தாள்.

வீட்டில் முனிரத்தினம் மாணவனானான். பிள்ளைகளின் சிலேட்டை மடியில் வைத்துக்கொண்டு சப்பணம் போட்டு உட்கார்ந்தான். இரண்டு பக்கமும் பிள்ளைகள்.

"டீச்சர், கம்பிய எதுக்கு டீச்சர் இய்த்துப் புடிக்கறீங்க?"

"தொளதொளன்னு வுட்டா காயிலு பெருசாயிடும். பள்ளத்துல எறங்காது. அட்ச்சி எறக்குனா கம்பி மேல பூசியிருக்கறது உரியும். உரிஞ்சா ஷார்ட்டு."

"ரொம்ப இய்த்தா?"

பாஞ்சாலி விழித்தாள். முனிரத்தினமே சொன்னான். "ரொம்ப இய்த்தா கம்பி நீண்டு மெலிஞ்சிடும். மெலிஞ்ச எடம் சூடாவும். ஆவடில மேஸ்திரி மண்டைல குட்டிச் சொல்லிக்குடுத்தாரு."

"இத்தினி நாளு எனக்கு ஏன் சொல்லல?"

"நீதான் தப்பே பண்ணலியே. எப்ப சொல்றது?" என்றவன் உடனே கையைத் தூக்கி, "டீச்சர், ஒண்ணுக்கு வருது டீச்சர்" என்றான். பிள்ளைகள் பாயில் விழுந்து புரண்டார்கள்.

இரண்டு நாளில் 'ஏன்' எல்லாவற்றுக்கும் அவளிடம் பதில் சேர்ந்துவிட்டது. ஒரு சிக்கல் மட்டும் தீரவில்லை. வாய் பேசினால் எண்ணிக்கை தப்புகிறது. எண்ணிக்கையைப் பிடித்தால் வாய் நிற்கிறது. வெள்ளிக்கிழமை மேஜை முன்னால் நிற்கும் வரைக்கும் அவளுக்கு வழி தெரியவில்லை. கை மிஷினின் பிடியைப் பிடித்தாள். எதிரே நாற்பது முகங்கள். எல்லாம் வேலையில்லாமல் சும்மா உட்கார்ந்திருக்கின்றன என்று அப்போதுதான் தோன்றியது.

"நான் பேசப்போறேன்" என்றாள். "அதனால எண்ண முடியாது. நீங்கதான் எண்ணணும். சத்தமா. ஒருத்தர் தப்பா எண்ணுனாலும் மோட்டாரு எரிஞ்சிடும்."

பிடி சுழன்றது. "ஒண்ணு" என்றார் தையல்காரர் கூச்சத்தோடு. "ரெண்டு" என்றாள் செல்லம்மாள் வார்டே கேட்கும்படி. பத்துக்குள் நாற்பது பேரும் சேர்ந்துவிட்டார்கள். அந்தச் சத்தத்துக்கு மேலே பாஞ்சாலி பேசினாள். கம்பி ஏன் இறுக்கமாக இருக்க வேண்டும், ஒரு சுற்று குறைந்தால் என்ன ஆகும், கூடினால் என்ன ஆகும். முப்பதில் நிறுத்தி, "இப்ப கம்பிய வுட்டுட்டா இன்னா நடக்கும்?" என்று கேட்டாள். "அவிழ்ந்திடும்!" என்று ரொட்டி மேஸ்திரி கத்தினார். பக்கத்து ஆபீசிலிருந்து இரண்டு குமாஸ்தாக்கள் வந்து எட்டிப் பார்த்தார்கள். அறுபத்து நாலில் அறையே கைதட்டியது.

சுப்பராயன் தன் நோட்டில் ஏதோ எழுதிக்கொண்டார். "இதை என் பாடக் குறிப்புல நான் சேர்த்துக்கலாமா?" என்று அவளிடம் கேட்டார். அன்றைக்குப் புளிச்சோற்றை நாலு பேருக்குப் பங்கிட்டும் பாஞ்சாலிக்கு வயிறு நிறைந்தே இருந்தது.

ஜூலையில் வகுப்பு ஆரம்பித்தது. பதினெட்டுப் பேரில் பதினேழு பையன்கள், ஒரு பெண். அந்தப் பெண் தணிகாசலத்தின் மகள் சரோஜா. அறிவியல் பிரிவில் இடம் கிடைக்காமல், அப்பாவிடம் 'மேல்படிப்பு' என்று மட்டும் சொல்லிக் கையெழுத்து வாங்கியிருந்தாள். விஷயம் தெரிந்த அன்று தணிகாசலம் பள்ளிக்கூட வாசல் வரைக்கும் வந்தார். உள்ளே மகள் உரக்க எண்ணுவதைக் கேட்டார். திரும்பிப் போய்விட்டார். வீட்டில் மூன்று நாள் மகளோடு பேசவில்லை. நாலாம் நாள் மிக்சி வாங்கினால் அதையும் ரிப்பேர் பார்ப்பாளா என்று மனைவியிடம் கேட்டாராம்.

கடையை விட்டுப் போன மோட்டார்கள் உடனே திரும்பி வந்துவிடவில்லை. மழைக்காலம் வரை முனிரத்தினம் ஸ்டார்ட்டர் பெட்டி, பம்பு வாஷர் என்று சில்லறை வேலை பார்த்தான். வெள்ளைச் சட்டையைப் போட்டுக்கொண்டு அவளைச் சைக்கிளில் பள்ளிக்கூடத்தில் இறக்கிவிடுவதும் அவன் வேலையாயிற்று. "வாத்தியாரூட்டுக்காரரே" என்று டீக்கடையில் கூப்பிட்டால் நின்று டீ குடித்துவிட்டுத்தான் போவான்.

பொங்கல் கழிந்தது. நவரைப் பட்டத்துக்கு நாற்று விட்டிருந்த சமயம், தணிகாசலத்தின் பெரிய கிணற்று மோட்டார் குறைந்த கரண்டில் எரிந்தது. ஸ்ரீபெரும்புதூர்க் கடையில் பதினைந்து நாள் ஆகும் என்றார்கள். நாற்று மஞ்சள் தட்டியது.

"நைனா, எங்க கிளாஸ்ல குடு. மூணு நாள்ல சுத்திடறோம்" என்றாள் சரோஜா.

"பசங்க வெளாட எம் மோட்டார்தான் கெடச்சுதா?"

"அப்ப நாத்து காயட்டும்."

மறுநாள் வண்டி பள்ளிக்கூடத்துக்கு வந்தது. வண்டியோடு தணிகாசலமும் வந்தார். பாஞ்சாலியிடம் எதுவும் பேசவில்லை. "மூணு நாளு" என்று மட்டும் ஹெட்மாஸ்டரிடம் சொல்லிவிட்டுப் போனார்.

மூன்று நாளும் மற்ற வகுப்புகளுக்கு எண்ணிக்கைச் சத்தம் கேட்டது. நாலாம் நாள் காலை பத்து மணிக்கு மோட்டார் கிணற்று மேடையில் ஏறியது. வரப்பில் ஊரே நின்றது. ரகுபதிகூட வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வந்திருந்தார். முனிரத்தினம் மோட்டாரை மாட்ட உதவினான். கம்பி இணைப்பு மட்டும் பிள்ளைகள் கொடுத்தார்கள்.

தணிகாசலம் ஸ்டார்ட்டரைப் போட்டார். மோட்டார் இரைச்சலில்லாமல் அழகாக ஓடியது. தண்ணீர் வரவில்லை. குழாயின் வாயைப் பார்த்துக்கொண்டே எல்லோரும் நின்றார்கள். கொஞ்சம் காற்று வந்தது. அவ்வளவுதான்.

"நெனச்சேன்" என்றார் யாரோ. தணிகாசலம் மோட்டாரை நிறுத்தினார்.

முனிரத்தினத்துக்குக் காதிலேயே விஷயம் விளங்கிவிட்டது. ஒரு அடி முன்னால் வைத்தான். பாஞ்சாலி அவன் சட்டையைப் பின்னாலிருந்து பிடித்தாள். அவளுக்கும் தெரிந்துவிட்டது. ஸ்பேனரை எடுத்தால் ஒரு நிமிஷ வேலை. மஞ்சள் நாற்றையும், தணிகாசலத்தின் முகத்தையும் ஒருமுறை பார்த்துவிட்டுப் பிள்ளைகள் பக்கம் திரும்பினாள்.

"மோட்டாரு ஓடுச்சா?"

"ஓடுச்சி டீச்சர்."

"சூடாச்சா? முனகுச்சா?"

"இல்ல டீச்சர்."

"அப்ப நீங்க சுத்துனதுல தப்பு இல்ல. பின்ன ஏன் தண்ணி வரல?"

பதினெட்டுப் பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். வரப்பில் ஒருவர் இருமினார். பாஞ்சாலி காத்திருந்தாள். வாழ்க்கையிலேயே அவ்வளவு நேரம் அவள் சும்மா நின்றதில்லை.

சரோஜா மெதுவாக மோட்டார் பக்கத்தில் போய்க் குனிந்தாள். "நைனா, இன்னொரு வாட்டி போடு. போட்டு ஒடனே நிறுத்து." தணிகாசலம் போட்டு நிறுத்தினார். அவள் தண்டு சுழல்வதையே பார்த்தாள். பிறகு எழுந்து, விரலால் காற்றில் ஒரு வட்டம் போட்டாள். "எதிர்ப்பக்கமா சுத்துது டீச்சர். மூணு கம்பில ரெண்டு எடம் மாறிப் பூட்டுது."

"மாத்து."

பியூஸைப் பிடுங்கிவிட்டு, சரோஜா இரண்டு கம்பிகளை இடம் மாற்றித் திருகினாள். பையன்கள் சரிபார்த்தார்கள். தணிகாசலம் இந்தத் தடவை தானே போடாமல் மகளிடம் கையைக் காட்டினார். அவள் பொத்தானை அழுத்தினாள்.

குழாய் ஒரு முறை கனைத்தது. முதலில் துருத் தண்ணீர், பிறகு இரண்டு கை சேர்த்தாலும் பிடிபடாத பருமனில் வெள்ளை வெளேரென்று தண்ணீர் பாய்ந்து தொட்டியில் விழுந்தது. பக்கத்தில் நின்ற ரகுபதியின் சட்டை முழுக்க நனைந்தது. தணிகாசலம் தண்ணீரில் கையை வைத்து, முகத்தைக் கழுவி, துண்டால் துடைத்துக்கொண்டு பாஞ்சாலியிடம் வந்தார்.

"டீச்சரம்மா" என்றார். ஏழு மாசத்தில் அவளிடம் பேசிய முதல் வார்த்தை. "அந்த மோதிரப் பேச்சு இன்னும் எங்கிட்ட பாக்கி கீது. ஆனா பதினெட்டு விரலுக்கு நான் எங்க போறது? ஞாயித்துக்கெழம எல்லாரும் எங்க வூட்ல சாப்புடுங்க. கோழி அடிக்கறேன்."

வரப்பிலிருந்து ஒருவர், "எம் மோட்டாரும் எரிஞ்சி கெடக்குது டீச்சர், பள்ளிக்கூடத்துக்கு எட்டாரட்டா?" என்று கத்தினார்.

"யோவ், இங்க ஒருத்தன் கட தெறந்து வெச்சிக்கினு கீறான்யா!" என்று முனிரத்தினம் கத்த, வயலே சிரித்தது.

தண்ணீர் வாய்க்காலில் இறங்கி ஓடியது. செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டுப் பிள்ளைகள் அதன் பின்னாலேயே நாற்றங்கால் வரைக்கும் ஓடினார்கள். புடவையை இடுப்பில் செருகிக்கொண்டு பாஞ்சாலியும் ஓடினாள்.